கடல் தண்ணீரில் போட்ட படம்

எனக்குப் படம் போட வரும் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. புதுசாக ஒரு பெயிண்டோ பென்சிலோ கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். எங்கள் தீவில், அபர்டீன் பஜாரில் எங்களுடையது பாத்திரக்கடை. பில் போடுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் குக்கர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் வியாபாரத்தைப் பார் என்பார். பார்ப்பேன், ஆள் வந்தால்.

இந்தப் பைத்தியத்துக்குக் கூட்டாளியாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். மாற்றலில் வந்த அரசாங்க இன்ஜினியரின் மனைவி. திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட ரொம்பச் சின்னவள். குக்கருக்கு ரப்பர் வாங்க வந்தவள் என் அட்டையைப் பார்த்துவிட்டு, ரப்பரை மறந்துவிட்டுப் போனாள். மறுநாள் ஒரு பென்சில் டப்பாவோடு வந்து நின்றாள். சும்மா கிறுக்கிவிட்டு மேலே ஈர பிரஷ்ஷால் தடவினால் கோடெல்லாம் கரைந்து பெயிண்ட் ஆகிவிடுகிற பென்சில். நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எத்தனை பேர் கடைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனார்களோ, எனக்குத் தெரியாது.

மாற்றலில் வருகிறவர்களோடு ரொம்ப ஒட்டிக்கொள்ளாதே என்று எங்களைப் போன்ற கடைக்காரக் குடும்பங்களில் சொல்வார்கள். நாங்கள் இங்கேயே கிடப்பவர்கள். அவர்கள் ஆர்டர் வந்தால் மெயின்லேண்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்தும் போய் விழுந்தேன். இவளுக்கு எப்போது ஆர்டர் வருமோ என்கிற பயம் ஆரம்பத்திலிருந்தே எனக்குள் இருந்தது. அதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்வேன். அவள் போடும் தென்னை மரத்தைத் துடைப்பம் என்பேன், வானத்தைச் சலவைக்குப் போடு என்பேன். அவள் சிரிப்பாளே தவிர கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பஜாரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்கும் கலர் டப்பாவுக்கு மேல் எதுவும் கிடைக்காது. ஆன்லைனில் போட்டால் பாதிச் சாமான் உங்கள் ஊருக்கு வராது என்று சொல்லிவிடும். அதனால் சென்னையிலிருந்து யார் விமானத்தில் வந்தாலும் எங்கள் பேப்பர் அவர்கள் பெட்டிக்குள் ஏறிவிடும். அப்படி ஒருமுறை பருத்தியில் செய்த கெட்டிப் பேப்பர் வந்தது. தடவிப் பார்த்தாலே சுகமாக இருந்தது. மழைக்காலத்தில் இங்கே எது வெளியே இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் எல்லா வீட்டு பீரோவிலும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். பட்டுப்புடவை, சர்டிபிகேட் எல்லாம் அந்தச் சூட்டில்தான் பிழைத்துக் கிடக்கின்றன. நான் மகா புத்திசாலி அல்லவா, பேப்பரையும் அங்கே வைத்து, அதன் தலைமேலேயே எண்ணெய்க் கிரேயான் டப்பாவையும் வைத்தேன். திறந்து பார்த்தால் கிரேயான் அத்தனையும் உருகி ஓடியிருந்தது. நல்ல பேப்பரெல்லாம் எண்ணெய்த் திட்டு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் என்னடாவென்றால் ஒரு தாளை உருவி அதன்மேல் நீல பெயிண்டை விட்டாள். திட்டு இருந்த இடத்தில் எல்லாம் பெயிண்ட் ஒட்டாமல் விலகிக்கொண்டு வெள்ளை வெள்ளையாக நின்றது. அசல் அலை நுரை. கையால் போட்டிருந்தால் எனக்கு அந்த நுரை ஜன்மத்துக்கும் வந்திருக்காது. அன்று முழுக்க இருவரும் மெழுகுவர்த்தி, தேங்காய் எண்ணெய், நெய் என்று வீட்டில் இருந்த பிசுக்கை எல்லாம் பேப்பரில் தேய்த்துப் பார்த்தோம். நெய் தேவலாம். ஆனால் எறும்பு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தம் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து எதிர்க்கரை பேம்பூபிளாட்டுக்குப் படகில் போய் வருவோம். போகும்போது ஒரு படம், வரும்போது ஒரு படம். ஒருமுறை தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டோம். சுற்றி இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது என்ன கவலை என்று படகு நிற்கும் ஜெட்டிப் படியில் இறங்கிக் கடல் தண்ணீரையே டப்பாவில் மொண்டு வந்து பெயிண்ட் கரைத்தேன். பெயிண்ட் பொரிப்பொரியாகப் பிரிந்து மணல் மாதிரி படிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று அதைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினேன். உப்பு சும்மா இருக்குமா? ஈரக்காற்று அடித்தால் போதும், படம் வியர்த்து வடியும். மலைப் பச்சை கடலுக்குள் இறங்கும். எதிர்க்கடைத் தெலுங்குக்காரர் தினமும் காலையில் வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே சாமான் பரப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். சந்தோஷம் என்றால் எனக்கு அந்த நாட்கள்தான். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஆர்டர் வந்துவிட்டது. சென்னைக்கு. எல்லோரும் வாழ்த்தினார்கள், நானும் வாழ்த்தினேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே எந்தக் கடையில் என்ன பேப்பர் இருக்கும், எந்த பிரஷ் வாங்க வேண்டும், எதில் ஏமாறக்கூடாது என்று நிறுத்தாமல் பேசினேன். வேறு பேச்சை எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற அன்று மத்தியானம் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வீடு முழுக்கக் கயிறு கட்டிய பெட்டிகள். அவள் கணவர் லாரிக்காக வாசலில் நின்றிருந்தார். அவள் உள்ளேயிருந்து ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவளுடைய பெயிண்ட், பென்சில், பேப்பர் அத்தனையும் அதில் இருந்தது.

"நீங்களே வச்சுக்கோங்கக்கா. இங்க உங்களுக்குக் கஷ்டம். அங்கதான் எல்லாம் கெடைக்குமே."

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ. பையை அவள் பக்கமே தள்ளிவிட்டேன்.

"கெடைக்கும்டி. கடைக்குக் கடை கெடைக்கும். நான் கெடைப்பேனா?"

அதுவரை அவளை ஒருநாளும் 'டி' போட்டதில்லை. அவள் அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆர்டர் வந்ததுலேருந்து பிரஷ்ஷு, பேப்பருன்னேதான் பேசுனீங்க. அக்காவுக்கு அது மட்டும் போதும்போல, நான் போறது ஒண்ணுமில்லைபோலன்னு நெனச்சு எத்தன தடவ அழுதேன் தெரியுமா? அதான் எல்லாத்தையும் உங்ககிட்டயே குடுத்துட்டுப் போயிரலாம்னு..."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். நமக்காக ஒருத்தி அழுதிருக்கிறாள் என்று தெரிந்தால் யாருக்குத்தான் இருக்காது. நகரச் சொல்லி, அதே பெட்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். லாரி வரும்வரை பெயிண்டைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.