பெட்டி தானாக அழிக்கவில்லை

எங்கள் வீட்டு டிஷ் பெட்டியில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று தினமும் காலையில் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பூனா ஹடப்சரில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு கிடையாது. அது மட்டும் இல்லையென்றால் என் வீட்டுக்காரர் சொன்ன பொய்யை நான் நம்பித் தொலைத்திருப்பேன்.

நோட்டு போட வைத்தவரும் அவர்தான். நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்துக்கொள்கிற பெட்டி அது. நிரம்பிவிட்டால் பழையதை அதுவே அழித்துவிட்டுப் புதியதைப் பதியும். ஒருமுறை அவருடைய கிரிக்கெட் மேட்ச் ஒன்று அப்படிப் போய்விட்டது. "எல்லாம் உன் சீரியலால வந்த வினை. தினமும் அரை மணி நேரம் ரொப்பி ரொப்பி வெச்சா பெட்டி இன்னாத்துக்கு ஆவும்?" என்று குதித்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா படித்தவள். வேலூர்ப் பக்கம் பாலிடெக்னிக்கில் எங்கள் வகுப்பில் பெண்கள் நான்கே பேர், அதில் முதல் மார்க் நான். பூனாவுக்குக் கல்யாணமாகி வந்ததிலிருந்து மிக்ஸி ரிப்பேரைத் தவிர அந்தப் படிப்பை வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. சரி, இப்போதாவது உதவட்டும் என்று இரண்டு வாரம் கணக்கெடுத்தேன். என் சீரியல் பத்து நாள் ஓடினால்தான் காலியிடம் நூற்றில் ஒன்று குறையும். அவருடைய ஒருநாள் ஆட்டம் ஒன்றே ஒன்று நூற்றில் எட்டை விழுங்கிற்று.

நோட்டை அவர் முன்னால் விரித்துப் போட்டு விளக்கமும் சொன்னேன். படம் முழுசாக வானத்திலிருந்து வருவதில்லை, சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். ஒரு காட்சியில் எது மாறுகிறதோ அதை மட்டும் புதிதாக அனுப்பினால் போதும். என் சீரியலில் மாமியார்க்காரி சோபாவில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் முறைப்பாள், கண்ணைத் தவிர ஒன்றும் அசையாது. உங்கள் ஆட்டத்தில் பந்து ஓடுகிறது, ஆள் ஓடுகிறான், கேமரா கூடவே ஓடுகிறது, பின்னால் கூட்டம் மொத்தமும் கொடியை ஆட்டுகிறது. அதுவும் துரைக்கு ஹெச்டியில்தான் வேண்டும். இடம் போகாமல் என்ன செய்யும்? அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு கப் சாய் கேட்டார்.

அதோடு நோட்டை நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை, பிடித்திருந்தது.

போன வருஷம் ஒரு தமிழ்ச் சேனல்காரர்கள் பூனாவுக்கு வந்தார்கள். வெளி மாநிலத்தில் வாழ்கிற பெண்களைக் கூட்டி வைத்துப் பேச வைக்கிற ஒரு மணி நேர நிகழ்ச்சி. மைக் என் கைக்கு வந்தபோது, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். கல்யாணமான மறு வருஷம் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு வேலைக்குப் பரீட்சை எழுதினேன். நேர்முகத்தில் அங்கேயே கை கொடுத்தார்கள், கடிதம் வீட்டுக்கு வரும் என்றார்கள். வரவே இல்லை. ஒரு மாதம் கழித்து நானே போய்க் கேட்டால், அனுப்பியாயிற்றே அம்மா, நீங்கள் சேராததால் வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்றார்கள். தபாலில் தொலைந்ததென்று அழுது ஓய்ந்தேன். பதினாறு வருஷம் கழித்து மாமனார் தவறிப்போனார். அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, அவர் வேலை பார்த்த கட்கி ஃபாக்டரியின் பென்ஷன் காகிதங்களுக்கு அடியில் என் பெயர் போட்ட அந்தக் கடிதம் இருந்தது.

இதைத்தான் நான்கு நிமிஷம் பேசினேன். ஒளிபரப்பான அன்று ஹெச்டியில் பதிந்து, அழியாமல் இருக்கப் பூட்டும் போட்டேன். கைபேசியில் ஒரு நகல் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். என் வீட்டுப் பெட்டியில் நான் பூட்டி வைத்ததை எவர் தொடப்போகிறார் என்ற திமிர்தான். பென் டிரைவில் ஏற்ற அந்தப் பெட்டி விடாது, சேனலும் பழையதை எங்கும் போட்டு வைப்பதில்லை. குறுக்கே யாரும் விழாமல் நான் பேசி முடித்த ஒரே பேச்சு உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது.

லோஹேகாவில் இருக்கும் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, மறுநாளே போன் போட்டார். "செத்துப்போன மனுஷனை ஊருக்கு முன்னால திருடன் ஆக்கிட்டியேம்மா. அதை முதல்ல அழி."

"அழிக்க மாட்டேன் அண்ணி," என்றேன்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் மண்டியிலிருந்து காய்கறியோடு வந்து டிவியைப் போட்டால் என் நிகழ்ச்சியைக் காணோம். "பெட்டி ரொம்பிடுச்சு. தானா அழிஞ்சிருக்கும்," என்றார் இவர், பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

நோட்டை எடுத்தேன். காலையில் காலியிடம் நாற்பத்தொன்று. இப்போது நாற்பத்திரண்டு. பாதிக்குக் கிட்டக் காலியாகக் கிடக்கிற பெட்டி எதற்கு எதையும் அழிக்கப்போகிறது? ஒரு மணி நேர ஹெச்டிக்குச் சரியாக நூற்றில் ஒன்று. பூட்டியதைக் கையால் திறந்து கையால்தான் அழிக்க முடியும்.

"என் காதுல பூ சுத்தாதீங்க. பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அக்கா அழுதுச்சு," என்றார். நான் அழுததற்கு இந்த மனுஷன் எதையாவது செய்திருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அடுப்பை மூட்டவில்லை நான்.

போன மாதம் நாத்தனாரின் பேரனுக்குக் காதுகுத்து. கட்கி, தேஹு ரோடு சொந்தமெல்லாம் லோஹேகாவில் கூடியிருந்தது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரம், ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, "டிவியில வந்தியாமே, போட்டுக் காட்டேன்டி," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார், "அதெல்லாம் அழிஞ்சிபோச்சு பெரிம்மா," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"படம்தான் அழிஞ்சிது. நான் இருக்கேன், கேளுங்க," என்று சொல்லிப் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பரீட்சை, கை கொடுத்தது, ஒரு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது, டிரங்குப் பெட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். டிவியில் நான்கு நிமிஷம்தான் கிடைத்தது. இங்கே அரை மணி நேரம் ஆயிற்று, ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

நாத்தனார் முகம் சிவந்துபோயிற்று. "அப்பா வேணும்னு செய்யல. எங்கியோ வெச்சிட்டு மறந்திருப்பாரு. வயசானவரு."

"மறக்கல அக்கா."

சொன்னது என் வீட்டுக்காரர். ஆண்கள் வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். "போஸ்ட்மேன் கையிலேர்ந்து நான்தான் வாங்கினேன். நான்தான் அப்பாகிட்ட குடுத்தேன். அவகிட்ட சொல்லாதடான்னாரு. சொல்லல."

பெரியம்மா என் முதுகைத் தடவி, "பாரு, உன் பக்கம் பேசிட்டான் பாரு," என்றார். எல்லாரும் நான் கண் கலங்குவேன், மன்னித்துவிடுவேன் என்று பார்த்தார்கள்.

எனக்குக் கண் கலங்கவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஓடிப்போய்ச் சேர்ந்திருப்பேனே," என்றேன். அவர் தலை கவிழ்ந்தது. அந்தக் கதையில் இத்தனை நாள் மாமனார் ஒருவரைத்தான் சொல்லி வந்தேன். இனி எங்கே சொன்னாலும் கடிதத்தைக் கையில் வாங்கியவரையும் சேர்த்தே சொல்வேன். இதோ, இங்கேயும் சொல்லிவிட்டேன்.