நாற்றத்தை மட்டும் விட்டுவிட்டார்

துறைமுகத்தை ஒட்டியிருந்த மீன் கொட்டகையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அதுவரை அங்கே மீன் அரிந்துகொண்டிருந்தது அம்மா. வருஷக்கணக்கில் ஐஸ் தண்ணீரில் ஊறிய அம்மாவின் விரல்கள் ஒருநாள் மடங்கவே மறுத்துவிட்டன. மேஸ்திரி இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "உன் பெரியவளை அனுப்பு" என்றார். பள்ளிக்கூடத்துக்கு அன்றோடு ஒரு கும்பிடு.

செவுளுக்குக் கீழே கத்தியை விட்டு வால்வரை ஒரே இழுப்பு. விரலால் குடலை வழித்துக் காலடித் தொட்டியில் தள்ள வேண்டும். பிறகு செதில் சுரண்டல். தொட்டி நிரம்பி வழிந்தாலும் யாரும் எடுத்துக் கொட்ட மாட்டார்கள். கணுக்கால் முங்குகிற அளவுக்குக் கொழகொழவென்று ரத்தமும் தண்ணீரும் நிற்க, அதிலேயே நாள் முழுக்க நிற்க வேண்டும். முதல் வாரம் மத்தியானச் சோற்றை வாயில் வைத்ததும் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். இரண்டாம் வாரம், கத்தியைக் கீழே வைத்த கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அதே கையால் சாப்பிட்டாள்.

"பழகிடுச்சுடி. அதை நினைச்சாத்தான் குமட்டுது" என்றாள் தங்கையிடம்.

தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. சாயங்காலம் அக்கா திரும்பியதும் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அவளை உட்காரவைத்து, தலைமுடியில் ஒட்டிய செதில்களை ஒவ்வொன்றாக எடுப்பது அவள் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நாற்றம் மட்டும் போகாது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். "ராணி மாதிரி ரெண்டு பேர் சீட்டுல ஒருத்தியா உக்காந்து வரேன்" என்று அக்கா சிரிப்பாள். கொட்டகையில் அவளுக்குச் செதிலு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குழாயடியில் தங்கைக்குக் கை சலித்துவிடாமல் இருக்க அவள் ஒரு கதை சொல்வாள்.

"பிடுங்காதடி, அது ஒட்டினது இல்ல, முளைச்சது. உடம்பு முழுக்க முளைச்சதும் கடலுக்குள்ள போயிடுவேன். அங்க எல்லா மீனும் சேர்ந்து மேஸ்திரியை மேஜையில மல்லாத்திப் போடும்."

"அப்புறம்?"

"செவுள் எங்கடா இருக்குன்னு தேடும்!"

தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒருநாள் மேலேயிருந்து இன்னொரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மாடியில் குடியிருந்த சார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அலுவலகத்தில் வேலை. குழந்தைகள் பத்திரிகையில் கதையும் எழுதுவார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. படித்த மனுஷன், தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அன்றிலிருந்து மாதக்கணக்கில் அவருக்காகவே கதையை வளர்த்தாள். நண்டுகளுக்குக் கல்யாணம், ஐஸ் கட்டிக்குள் மாட்டிக்கொண்ட குட்டி மீன், கடலடியில் பஸ். அவர் ஜன்னலோரம் நின்று எழுதிக்கொள்வார்.

அதே சமயத்தில் வீட்டுச் சொந்தக்காரர் ஒருநாள் வந்து அக்காவிடம், "இனிமே முன்கேட்டு வழியா வராதே. சாக்கடைச் சந்து வழியா வந்து போ" என்றார். யார் சொன்னது என்று அம்மா கேட்டாள். "மாடி சார்தான். குடல் புரட்டுதுன்னு கைப்பட எழுதியே குடுத்துட்டாரு."

அக்கா நம்பவில்லை. "அவரு அப்படிப்பட்டவர் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுச் சந்து வழியாகவே வேலைக்குப் போனாள்.

அடுத்த வருஷம் கதை புத்தகமாக வந்தது. ஊரே வாங்கியது. அவர் ஒரு பிரதிகூடக் கீழே கொடுக்கவில்லை. தங்கை பள்ளியிலிருந்து இரவல் வாங்கிவந்து வாசித்துக் காட்டினாள். நண்டுக் கல்யாணம் இருந்தது. கடலடி பஸ் இருந்தது. மேஸ்திரி மட்டும் அன்பான தாத்தாவாக மாறியிருந்தார்.

"'அவள் நடந்தால் தெருவெல்லாம் பூ மணக்கும்'" என்று, செதில் முளைத்த பெண்ணைப் பற்றிய வரியைத் தங்கை வாசித்தாள்.

"என்னது? திரும்பப் படி."

படித்தாள். அக்கா தன் முழங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முகம் சுருங்கியது. "த்தூ!" என்று சந்துப் பக்கம் துப்பினாள். "என் கதை வேணுமாம், நான் வேணாமாம். மூடி வைடி அதை."

அதற்குப் பிறகு குழாயடியில் அவள் கதை சொல்லவில்லை. மேலே ஜன்னல் திறந்தால், செதில் ஒட்டிய தலையோடு அப்படியே உள்ளே எழுந்து போய்விடுவாள்.

இருபத்திரண்டாவது வயதில் ஒரு மீன் முள் நகக்கண்ணில் ஆழமாக ஏறியது. விரல் வீங்கியது. மீன் ஏற்றிப்போகும் கப்பல் கிளம்பும் வாரம் என்று மேஸ்திரி லீவு தரவில்லை. "துணியைச் சுத்திக்க" என்றார். நாலாம் நாள் கை கறுத்தது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது வந்த வாடை தங்கைக்கு இன்றுவரை மறக்கவில்லை. மீன் வாடை அதற்கு எவ்வளவோ தேவலை. ஒன்பதாம் நாள் அக்கா போய்விட்டாள்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாடி சார் இறங்கி வரவில்லை. வாசலில் பினாயில் தெளிக்கச் சொல்லி மட்டும் ஆள் அனுப்பினார். எடுத்துப்போகும்போது வீட்டுக்காரர், "சந்து வழியா..." என்று இழுத்தார். பதினைந்து வயதுத் தங்கை நேரே போய் முன்கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தாள். அக்காவை அந்த வழியாகத்தான் கொண்டுபோனார்கள்.

தங்கை வளர்ந்து, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணமாகி ஒரு மகள். அவள் பள்ளிப் பாடத்தில் அந்தக் கதை வந்தது. "அது எங்க பெரியம்மாதான்" என்று மகள் டீச்சரிடம் சொல்லிவைக்க, விஷயம் தலைமையாசிரியை வரை போனது. கிழவராகிவிட்ட மாடி சாருக்குப் பள்ளியில் பாராட்டு விழா. தங்கையும் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள்.

மேடையில் அவர் குரல் தழுதழுக்கப் பேசினார். அந்தப் பெண் அவருக்கு மகள் மாதிரியாம். கடைசிவரை தினமும் அவரிடம் வந்து கதை கேட்பாளாம். சிரித்த முகத்தோடு கண்மூடினாளாம். முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தங்கை எழுந்துபோய் மைக்கைப் பிடித்தாள்.

"எங்கக்கா இவர்கிட்ட கதை கேக்கல. இவர்தான் கேட்டாரு. அவ மேல பூ வாசம் வரல, மீன் நாத்தம்தான் வந்துச்சு. அதுக்காக அவளைச் சாக்கடைச் சந்துல நடக்கவெச்சாரு. அவ சிரிச்சுக்கிட்டே சாகல. கை அழுகிச் செத்தா."

கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"ரொம்ப வலிச்சுது கண்ணு."

தலைமையாசிரியை சிரித்தபடியே மைக்கை வாங்கக் கை நீட்டினார். தங்கை கொடுக்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, மீன்கள் மேஸ்திரியை மேஜையில் மல்லாத்திப் போட்ட கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.