பலகைக்குப் பணமில்லை

ஸ்ரீவராகத்து விஜயத்துக்கு இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போய்விட்டன. தட்டெழுத்தில் ஹையர் தேறி, ஓர் அலுவலகத்தில் வேலை வாங்கியிருந்தாள். முதல் நாளே தாமதமானால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

அது 1981, சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. ஊனமுற்றோருக்காக அரசு பணம் ஒதுக்கி வேன் வாங்கியிருந்தது. விஜயம் வேலையில் சேரும் நாள் காலையில்தான் தொடக்க விழா; அந்த வேனில்தான் அவள் அலுவலகம் போக வேண்டும். நர்ஸான நான் சக்கர நாற்காலியில் அவளைத் தள்ளிக்கொண்டு போனேன். வேனின் தளம் முழங்காலுக்கு மேலே நின்றது.

“ஏத்துறதுக்குப் பலகை எங்கே?” என்று கேட்டேன்.

“வண்டிக்குத்தான் சாங்ஷன், சிஸ்டரே. பலகைக்கு இல்ல கேட்டோ,” என்றார் டிரைவர் தளவாய், மலையாளம் கலந்த தமிழில். “நாலு பேர் தூக்கினா போதும்.”

“நான் என்ன அரிசி மூட்டையா?” என்று விஜயம் சீறினாள்.

மேடைக்குப் போகும் வழியில் மழைச்சேறு. அதிகாரிகளின் செருப்பு அழுக்காகாமலிருக்க அகலமான பலகை போட்டிருந்தார்கள்.

“அதுக்கு மட்டும் சாங்ஷன் உண்டோ? எடுங்கோ சிஸ்டர்!” என்றாள் விஜயம்.

பலகையை உருவி வேன் வாசலில் சாய்த்தேன். தளவாய் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து தள்ளினேன். மேடையிலிருந்து ஒருவர் கத்தினார்.

“உங்களுக்குத்தான் காலிருக்கே சார், நடந்து வாங்கோ!” என்றாள் விஜயம்.

நேரத்துக்கு வேலையில் சேர்ந்தாள். பலகையைத் திருப்பிக் கேட்டு வந்தவரிடம், அது இல்லாமல் நாற்காலியோடு வேனில் ஏறிக் காட்டச் சொன்னேன். போனவர் திரும்பவில்லை.