ஹம்பேர்க் முடியும் இடம்

ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டு மணியை இரண்டு வகையினர்தான் அடித்தார்கள். ஒருவர் தபால்காரர். மற்றவர்கள், தங்கள் வீட்டுத் தபால்காரர் கொடுத்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வரும் நம்மவர்கள். துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் இருபது வருடம் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். எந்த விண்ணப்பம் எந்த மாடியில், எந்தக் கதவில், எத்தனை பிரதியோடு என்பது எனக்குத் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு. அது உண்மையாக இருந்ததுதான் என் துன்பம்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். சனிக்கிழமை தங்கையின் மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. தாய்மாமன்தான் தண்ணீர் வார்க்கவேண்டும். ஜெர்மனியில் பிள்ளைக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் இவர். இவரிடம் கடவுச்சீட்டு இல்லை. இருந்தது டுல்டுங். உன்னை இன்னும் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லும் ஒரு தாள். அந்தத் தாளோடு பத்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டார். அனுமதி இல்லாமல் ஹம்பேர்க் மாநிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று அதிலே ஒரு வரி.

சடங்குக்கு எடுத்த மண்டபத்தைப் பார்த்து வரப் போன அண்ணன் ஓர் ஓடைப் பாலத்தடியில் ‘நோர்டர்ஸ்ரெட்’ என்று பக்கத்து மாநிலத்து ஊரின் மஞ்சள் பலகையைக் கண்டு திரும்பி வந்திருந்தார்.

“ஒரே ரிக்கெற்றிலைதானே அண்ணை போறம்,” என்றார் தங்கை. “அப்ப அதுவும் ஹம்பேர்க் தானே?”

நம்மவர்களுக்கு இந்த நகரத்தின் வரைபடம் ரயில் நிலையத்தில் ஒட்டியிருக்கும் படம்தான். மாதச் சீட்டு செல்லுகிற இடமெல்லாம் ஹம்பேர்க். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அழைப்பிதழைச் சரிபார்த்துக் கொடுத்தவன் நான். இரண்டு எழுத்துப்பிழை திருத்தினேன். முகவரியில் 22 என்று தொடங்கும் தபால் எண்ணையும் அதற்குப் பக்கத்தில் ‘ஹம்பேர்க்’ என்று அவர்களே போட்டிருந்ததையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். பக்கத்து மாநிலத்து ஊருக்கும் 22தான்.

“சனிக்கிழமை ஆர் அண்ணை வந்து பாக்கப் போயினம்?” என்று தங்கை என்னைக் கேட்டார்.

“ஆரும் பாக்கமாட்டினம், பிள்ளை. பாத்தாத்தான் கரைச்சல்.”

“தேருக்குப் போகேக்கையும் உப்பிடித்தான் சொன்னவை,” என்றார் அண்ணன். வேறு மாநிலத்துக் கோயில் தேருக்குப் போன ரயிலில் பிடிபட்டு ஒருமுறை தண்டம் கட்டியவர். முதல் தடவை தண்டம். இரண்டாம் தடவை குற்றம். நீண்ட காலம் இப்படி இருந்தவர்களுக்கு வதிவிட அனுமதி கொடுக்கும் புதிய விதி அப்போதுதான் வந்திருந்தது. அவருடைய விண்ணப்பம், நான் நிரப்பியது, ஒரு மேசையில் முடிவுக்காகக் கிடந்தது. அந்தக் கோப்பில் இன்னொரு தாள் ஏறக்கூடாது.

வெளியே போக எழுத்தில் அனுமதி கேட்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை வெளிநாட்டவர் கந்தோர் பூட்டு. கடவுளே வந்தாலும் திங்கட்கிழமைதான் ரெர்மின், சந்திக்க நேரம் கிடைக்கும்.

நான் வரைபடத்தை விரித்தேன். நான் குடியிருக்கும் அல்தோனா ஒரு காலத்தில் டென்மார்க் அரசருடையது. அதையும் வான்ட்ஸ்பெக்கையும் ஹார்பூர்க்கையும் முப்பதுகளில் ஒரு சட்டம் போட்டு ஹம்பேர்க்கோடு சேர்த்தார்கள். வடக்கே ஓடையில் கோடு நின்றுவிட்டது. எல்பே ஆறு கடலில் விழும் இடத்தில், நூறு கிலோமீற்றர் தள்ளி, நொய்வேர்க் என்று ஒரு தீவு. கொஞ்சச் சனமும் நிறையச் சேறும். அது ஹம்பேர்க்.

“அங்கை நான் போகலாமோ?” என்றார் அவர்.

“தாராளமா. ஆனா போற வழி வேற மாநிலம்.”

அவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

“தண்ணி வாக்கிறதை இங்கை வச்சுக்கொள்ளுவம்,” என்றேன். “என்ரை குளியலறையிலை தொட்டி இருக்கு.”

“வீடியோக்காரருக்கு மண்டபமெண்டு சொல்லியாச்சு, அண்ணை.”

“அவருக்குப் பாஸ்போட் இருக்குத்தானே? அவர் வரட்டும்.”

சனிக்கிழமை காலை என் குளியலறையில் ஏழு பேர். வீடியோக்காரர் கழிப்பறை மூடியின்மேல் ஏறி நின்றார். அறுகம்புல்லுக்குப் பதிலாகக் கீழே முற்றத்துப் புல். மாமன் முதலில் பாலை வார்த்தார், பிறகு குடத்துத் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “சூடு காணுமோ பிள்ளை?” என்று கேட்டார். “கண்ணுக்கை பால் போட்டுது மாமா,” என்றாள் அவள். அவர் தன் புதுச் சால்வையால் துடைத்துவிட்டார். மண்டபத்து மேடைக்கென்று வாங்கிய சால்வை.

மற்றவர்கள் காரில் மண்டபத்துக்குப் போனார்கள். நானும் மாமனும் ரயிலில் போய் எல்லைக்கு முந்தின நிலையத்தில் இறங்கி, ஓடைக்கு இந்தப் பக்கத்து பஸ் தரிப்பில் உட்கார்ந்தோம். ஏன் அவ்வளவு தூரம் போனோம் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இருக்கலாம் என்றுதான் நான் சொன்னேன்.

“நீங்கள் போங்கோ அண்ணை. உங்களுக்கென்ன?”

“எனக்கு மண்டபத்துப் பாட்டுக் கேக்க ஏலாது,” என்றேன். அதில் பாதி உண்மை.

பஸ்கள் பாலத்தைத் தாண்டிப் போயின.

“இந்த ஊரிலை எவ்வளவு சனம் இருக்கும்?”

“பதினேழு லட்சத்துக்கு மேலை.”

“அதிலை என்னையும் எண்ணுவினமோ?”

“ஓம். பதிஞ்ச எல்லாரையும் எண்ணுவினம். டுல்டுங் எண்டாலும்.”

“ஒவ்வொரு வருசமுமோ?”

“ஒவ்வொரு வருசமும்.”

மத்தியானம் தங்கை பட்டுச்சேலையோடு பாலத்தைத் தாண்டிச் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். மேடையில் மாமன் எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள் என்றார். என்னைப் பார்க்காமலேதான் சொன்னார். பெட்டிகளை நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். சோறு ஆறியிருந்தது, இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

அடுத்த வசந்தத்தில் அவருக்கு வதிவிட அனுமதி வந்தது. கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஹம்பேர்க்கை விட்டுப் போகக்கூடாது என்ற அந்த வரி அதில் இல்லை. பிரான்ஸ் எல்லைவரை எங்கேயும் போகலாம், ஸ்டுட்கார்ட்டில் சிநேகிதர் இருக்கிறார் என்றீரே, போய் வாரும் என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி மணி அடித்தார். கையில் கடிதம் எதுவும் இல்லை.

“அந்த மண்டபத்துக்குப் போட்டு வாறன், அண்ணை.”

“கிழமை நாளிலை அங்கை என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லை. பூட்டிக் கிடந்தது. கண்ணாடிக்குள்ளாலை மேடையைப் பாத்தன்.” சப்பாத்தைக் கழற்றி வைத்தார். “அதே ரிக்கெற்தான். பாலத்தாலை போகேக்கை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

தேத்தண்ணி வைக்க நான் எழுந்தேன்.