மறுபடி உள்ளே வந்தது

நான் பத்தாவது வரை படித்தவன். கடையில் பில் எழுதினால்கூட யாராவது வாங்கித் திருத்துவார்கள். இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தி. நகரில் ஒரு துணிக்கடையில் சேலை மடிக்கிற வேலை. வருகிறவர்கள் பிரித்துப் போடுவதை மறுபடி மடித்து அடுக்க வேண்டும். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள். பெசன்ட் நகர் குப்பத்துப் பையனை எனக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. பேச்சை முதலில் நிறுத்தியது யார் என்பதில் எங்கள் இருவருக்கும் வேறு வேறு கருத்து.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததை எனக்கு ஃபோனில் சொன்னது ஆவணப்படம் எடுக்கிற ஒரு பெண். பிரசவத்தையும் குடும்பத்தையும் பற்றிய படமாம். மாதக்கணக்காக மகளோடுதான் சுற்றுகிறாளாம். "நீங்க வந்தா நல்லாருக்கும் அங்கிள்" என்றாள். படத்துக்கா, மகளுக்கா என்று கேட்க நினைத்தேன். பூண்டு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு அடையாறில் மகள் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாப்பிள்ளை கடலுக்குப் போயிருந்தார். மீன் விற்கிற அவருடைய அம்மா, அறைக்கு வெளியே சுறாப் புட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சம்பந்தி, கதவாண்டயே நின்னுகினு கீறீங்க? உள்ள போங்க, கடிக்க மாட்டா."

போனேன். மகள் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"சாரி அங்கிள், பேட்டரி மாத்திக்கிட்டு இருந்தேன்" என்றாள் படமெடுக்கிற பெண். "இன்னொரு தடவ உள்ள வர்றீங்களா?"

மறுபடி செய்வது எனக்குப் பழக்கம்தான். வெளியே போய் வந்தேன். மகள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி சுவரைப் பார்த்தாள். இந்தத் தடவை ஃபேன் சத்தம் சேர்ந்துவிட்டதாம். ஃபேனை நிறுத்தினார்கள். நான் வெளியே போனேன்.

"இன்னாத்துக்கு உள்ள போறதும் வெளிய வர்றதுமா கீறீங்க?" என்றார் சம்பந்தியம்மா. "பஸ்ஸுக்கு நேரமாய்ட்ச்சா?"

மூன்றாம் முறை நான் உள்ளே நுழைந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, சும்மா உக்காரு. எத்தன தடவதான் வருவ? யாராவது ஃபேனப் போடுங்க, பாப்பாவுக்கு வேர்க்குது."

உட்கார்ந்தேன்.

"அங்கிள் கேமராவப் பாத்துட்டாரு. ஒரே ஒரு தடவ..."

"முடியாது" என்றாள் மகள். "அதான் வந்துட்டாருல்ல."

குழந்தையை என்னிடம் நீட்டினாள். விலையுயர்ந்த பட்டுச் சேலையைக் கையில் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். வேறு பிடி எனக்குத் தெரியாது.

மறுநாள் கேமரா வரவில்லை. நான் போனேன். முந்தின நாள் ரசத்தில் உப்பு கம்மி என்று சொன்னாள்.