டிக்கெட்டின் பின்னால் பதினைந்து சொற்கள்

துவரம்பருப்பை மூன்று முறை சொன்னேன். அதுதான் முதல் அறிகுறி.

பூரணாங்குப்பத்தில் ஒரு கல்யாண வீடு. நான் சமையல் மாஸ்டர். எங்கள் பக்கத்தில் மாஸ்டர் நேரில் போய் உட்கார்ந்து, எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டு, மளிகை லிஸ்ட்டை வாயாலேயே சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் எழுதிக்கொள்வார். தாளைப் பார்த்துச் சொல்கிற மாஸ்டரை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருடம் நான் தாளைத் தொட்டதில்லை. ஐந்நூறு இலை என்றால் கடுகில் தொடங்கிக் கற்பூரம் வரை நிறுத்தாமல் சொல்வேன்.

அன்றும் அப்படித்தான் சொன்னதாக நினைத்தேன். பெண்ணின் அப்பா மறுபேச்சு இல்லாமல் எழுதிக்கொண்டார். கல்யாணத்தன்று மூட்டையைப் பிரித்தால் துவரம்பருப்பு மூன்று பங்கு இருக்கிறது, புளி இல்லவே இல்லை. கடைக்கு ஆள் ஓடிப் புளி வாங்கி வருவதற்குள் முதல் பந்தி தாமதமாகிவிட்டது. “மாஸ்டர் நல்லா ஏத்திக்கினு வந்து லிஸ்ட் சொல்லிக்கிறாரு” என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். 

குடித்தது உண்மைதான். எனக்கு எச்.ஐ.வி. இருப்பதும் உண்மை. ஆறு வருடமாக ஏ.ஆர்.டி. (வைரஸ் உடலில் பெருகாமல் தடுக்கும் கூட்டு மருந்து) சாப்பிடுகிறேன். என் மனைவி தேவகிக்குத் தெரியும், டாக்டர்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. சமைப்பதாலும் சாப்பிடுவதாலும் இது பரவாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்வார்கள். ஆனாலும் தெரிந்தால் எனக்கு ஒரு பந்திகூட மிஞ்சாது. அதனால்தான் இங்கே என் பெயர் இல்லை. எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கும் இங்கே ஒன்றும் கிடைக்காது.

மறதியைச் சொன்னபோது, நான் மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்து டாக்டர் நிமிரக்கூட இல்லை. குடியை நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்றார். தேவகியும் அதையே சொன்னாள். மச்சான் சொன்னான். குடிமீட்பு வார்டில் மூன்று வாரம் கிடந்தேன். கை நடுங்கி, வியர்த்து ஊற்றி, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தி, ஒரு வழியாக எழுந்து வந்தேன். ஐந்து மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை.

மறதி போகவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். பழைய ஆளைக் கூப்பிடுகிற பேரில் புது ஆளைக் கூப்பிடுவேன். எரிச்சல் தலைக்கு ஏறும். நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தினேன், இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று யாரைப் பிடித்துக் கேட்பது?

அப்போதுதான் மையத்தின் கோடி அறைக்கு நித்யா மேடம் வந்தார். உளவியலாளர். எச்.ஐ.வி.யும் குடிப்பழக்கமும் சேர்ந்து இருப்பவர்களின் அறிவாற்றலை (நினைவு, கவனம், யோசித்து முடிவெடுப்பது எல்லாம் சேர்ந்தது) ஆராய்ச்சி செய்கிறார். ஒருமுறை சோதித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிப்பார். மறதிக்குக் குடி எவ்வளவு காரணம், வைரஸ் எவ்வளவு காரணம் என்று பார்க்க வேண்டும் என்றார். என் கேள்வியும் அதுதானே. கையெழுத்துப் போட்டேன். முடிவுகள் வெளியே போகாது என்று இரண்டு தடவை சொன்னார். கேட்டுக்கொண்டேன். நம்பவில்லை.

மாத்திரை வாங்க உட்கார்ந்திருக்கும் எங்கள் வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் தெரியாதவர்கள் மாதிரி போவோம். வரிசையில் மட்டும் சொந்தக்காரர்கள். இன்று எடை பார்க்கிறார்களா, எந்த டாக்டர் திட்டுகிறார் என்று உள்ளே போய் வந்தவர் அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார். அங்கே ஒரு பேச்சு கிளம்பியது. அந்த அறையில் தப்பாகச் சொன்னால் தாள் குடிமீட்பு வார்டுக்குப் போகும், திரும்ப உள்ளே போட்டுவிடுவார்கள் என்று. வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் வார்டில் கிடந்தால் பிழைப்பு போய்விடும்.

வில்லியனூர் பக்கத்து லாரி டிரைவர் செல்வம் போன வாரமே சோதனை முடித்தவர். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பஸ் டிக்கெட்டைக் கையில் திணித்தார். பின்னால் பொடி எழுத்தில் பதினைந்து சொற்கள். “இத்தான் கேக்கறாங்க. மனப்பாடம் பண்ணிக்கினு போ மாஸ்டர். எனுக்கும் ஒருத்தரு இப்டித்தான் குட்த்தாரு.”

வீட்டில் நாலு நாள் படித்தேன். பரீட்சைக்குப் படிக்காதவன் இதற்குப் படித்தேன். நித்யா மேடம் சொற்களை வாசித்து, நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்றதும், பதினைந்தையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எண்களைக் கோட்டால் இணைக்கும் சோதனையில் தடுமாறினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

நினைவாற்றல் நன்று என்று தெரிந்ததும் தேவகியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

“அப்புறம் ஏன்யா காலைல ரெண்டு தபா பல்லு வெளக்குன?”

நான் கோபித்துக்கொண்டு வெளியே போனேன்.

சோதனையில் பின்தங்கியவர்களுக்கு நாள்வாரியாகக் கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி கொடுத்தார்கள், வாரம் ஒருநாள் பயிற்சியும் உண்டு. நன்றாக இருப்பவனுக்கு அதெல்லாம் எதற்கு? நான் மாத்திரையை என் தலையை நம்பிச் சாப்பிட்டேன். காலையில் டப்பாவை எடுத்தால், சாப்பிட்டாயிற்று என்று தோன்றும். அது நேற்றைய நினைவு. மாதக் கடைசியில் மாத்திரைகள் மிஞ்சின. மையத்தில் எண்ணுவார்கள் என்பதால், மிஞ்சியதை வீட்டில் ஒளித்துவிட்டு வெறும் டப்பாவோடு போனேன். இதைவிட முட்டாள்தனம் உண்டா என்று இப்போது கேட்கிறேன்.

ஆறு மாதம் கழித்து நித்யா மேடம் வேறு பதினைந்து சொற்களை வாசித்தார். நாலு சொல் வந்தது. மறுபடி வாசித்தார், ஐந்து வந்தது. அவர் முகம் மாறிவிட்டது. அதே வாரம் ரத்தப் பரிசோதனையில் வைரஸ் அளவும் ஏறியிருந்தது. ஆறு மாதத்தில் இவ்வளவு வேகமாக நினைவு சரிந்தால் மூளையில் வேறு தொற்று இருக்கலாம் என்றார் டாக்டர். ஸ்கேன் எடுக்க வேண்டும், முதுகுத்தண்டு நீர் (மூளையைச் சுற்றி இருக்கும் அதே நீர், இடுப்பில் ஊசி குத்தி எடுப்பது) எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நடைபாதையில் தேவகி அழுதாள். “ஆறு மாசத்துக்கு முன்ன நல்லாத்தான இருந்த. அதுக்குள்ள இன்னாய்யா ஆச்சு ஒனுக்கு?”

நான் நன்றாக இல்லை என்றேன். போன் கவருக்குள் இருந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் படித்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து நித்யா மேடத்தின் அறைக்கு இழுத்துப்போய், டிக்கெட்டை மேசையில் வைத்தாள். மாத்திரை ஒளித்ததையும் அங்கேயே சொன்னேன்.

மேடம் இழுப்பறையிலிருந்து தன் தாளை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வரிசைகூட மாறவில்லை. இது எத்தனை பேர் கைக்குப் போனது என்று கேட்டார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

“இந்த நோய் இருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்தாலே முகத்தத் திருப்பிக்குவாங்கன்னு நினைச்சேன். அதான் எல்லாருக்கும் ஒரே லிஸ்ட் போதும்னு விட்டுட்டேன்” என்றார். பிறகு மெதுவாக, “நான் உங்கள ஃபெயில் பண்ண வரல மாஸ்டர்” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வரிசையில் வந்தவர்கள் எல்லோருடைய முதல் சோதனையையும் அவர் ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. யாருக்கு மறதி எங்கே தொடங்கியது என்று இனிச் சொல்ல முடியாது. எனக்கும்தான். வைரஸ் ஏறியிருப்பதால் ஊசியைத் தவிர்க்க முடியாது என்றார் டாக்டர். குத்தினார்கள். தொற்று எதுவும் இல்லை. நாலு நாள் தலையைத் தூக்க முடியவில்லை.

சரி, என் மறதிக்குக் குடி காரணமா, வைரஸ் காரணமா என்று நித்யா மேடத்திடம் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றார். முதல் கணக்கு சரியாக இருந்திருந்தால் ஓரளவு சொல்லியிருக்கலாமாம். கொதித்து இறக்கிய சாம்பாரில் எந்தப் புளிப்பு புளியினுடையது, எது தக்காளியினுடையது என்று என்னிடம் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அதைப் பாதி என்மேலும் பாதி எல்லார்மேலும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதே அறைக்குள் போகப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படித்துக்கொண்டு போகாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வாருங்கள். நன்றாக இருப்பதாகக் காட்டி நான் இழந்தது ஆறு மாதம். அது திரும்பாது.

இப்போது கட்டம் போட்ட பெட்டி என்னிடமும் இருக்கிறது. வைரஸ் அடங்கிவிட்டது. நினைவு கொஞ்சம் தெளிந்திருக்கிறது, பழையபடி இல்லை, ஆகப்போவதும் இல்லை என்று தோன்றுகிறது. பாகூரில் ஒரு வீட்டில் நோட்டைப் பிரித்து லிஸ்ட் வாசித்தேன். வீட்டுக்காரர் என் முகத்தையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தக் கல்யாணம் வேறு மாஸ்டருக்குப் போய்விட்டது. அடுத்த வீட்டுக்காரர் நோட்டைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

படையல் போடும் முன் சமையலை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முன்பு அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. என் கை அளவு என் கைக்குத் தெரியும். இப்போது உப்புப் போட்டதும் கரண்டியை மூடியின்மேல் குறுக்கே வைக்கிறேன். ஆட்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது.

போன முகூர்த்தத்தில் சாம்பார் அண்டா முன் நின்றிருந்தேன். கிணறு, சட்டை, ஏணி, வாத்து, தபால் என்று அந்தப் பதினைந்தும் இன்றும் தலைக்குள் வரிசையாக ஓடுகின்றன, ஒன்று தவறுவதில்லை. இரண்டு நிமிடம் முன்னால் உப்புப் போட்டேனா என்பதுதான் நினைவில் இல்லை. கரண்டி குறுக்கே கிடந்தது. போட்டிருக்கிறேன் போலிருக்கிறது என்று அடுப்பைத் தணித்தேன்.