தும்பிக்கைக்கு மாலை போட்ட ஜீப்பு

2009ன்னு நினைக்கிறேன். எங்க வீட்டுக்காரர் எங்கேருந்தோ பழைய ஜீப்பு ஒண்ணு வாங்கிட்டு வந்தார். காடு மேடெல்லாம் ஏறுற பெரிய டயர் வண்டி. கடலூர்ல எங்கங்க காடு இருக்குன்னு கேட்டா, "மழை பெய்யட்டும், அப்ப பேசு"ம்பார். என்ஜினுக்குக் காத்து இழுக்க, முன்கண்ணாடி ஓரமா கூரை வரைக்கும் ஒரு கறுப்புக் குழாய் ஏறும். இடுப்பளவு தண்ணியிலயும் வண்டி நிக்காதாம். அதுக்குத் தும்பிக்கைன்னு பேரு வச்சிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல தும்பிக்கை தரிசனம், அப்புறம்தான் காபி.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் குளிப்பாட்டி, முன்னாடி வாழைக்கன்னு கட்டி, டயருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சார். தும்பிக்கைக்குத் தனி மரியாதை. வாய்லேருந்து அடி வரைக்கும் சாமந்தி மாலையைச் சுத்தினார்.

"மூச்சு விடுற வாயில போயி பூவை அடைக்கிறீங்களே?"

"பிள்ளையாருக்கு அலங்காரம் பண்றேன். நீ போயி பொரிகடலையைக் கலக்குற வழியைப் பாரு."

கலக்கப் போயிட்டேன். சொன்னா கேக்குற ஜென்மமா அது!

மறுநாள் விஜயதசமி. சிதம்பரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல எனக்கு இன்டர்வியூ. நல்ல நாளுன்னு நிர்வாகமே அன்னிக்கு வச்சிருந்தாங்க. பத்து மணி அடிச்சா கேட்டைச் சாத்திடுவோம்னு போன்லயே கறாரா சொல்லிட்டாங்க. பி.எட். முடிச்சிட்டு வருஷக்கணக்கா வீட்டுல உக்காந்திருந்தவ நான். அவங்க வச்ச வயசு வரம்பு எனக்கு அந்த வருஷத்தோட முடியுது. இது போனா அவ்ளோதான், ஜன்மத்துக்கும் சமையக்கட்டுதான். பஸ்ல போயிடுறேன்னேன். "யானையைக் கட்டி வச்சிக்கிட்டு பஸ்ல போவியா?"ன்னு என்னைத் தூக்கி உக்கார வைக்காத குறையா ஏத்திட்டார்.

ஆலப்பாக்கம் தாண்டினதும் யானைக்குச் சோகை புடிச்சிருச்சி. ஆக்சிலேட்டரைத் தரையோட அமுக்குறார், வண்டி முப்பதைத் தாண்ட மாட்டேங்குது. ஸ்டியரிங்குக்கு முன்னாடி மஞ்சள் விளக்கு ஒண்ணு எரியுது. மொபெட்டுல மீன் கூடை கட்டிக்கிட்டுப் போன அம்மா எங்களைத் திரும்பிப் பாத்துட்டே தாண்டிப் போச்சி.

"லிம்ப் மோடு"ன்னார் பெருமை கொறையாம. என்ஜினுக்கு ஏதாவது ஒத்துக்கலன்னா, உள்ள இருக்குற கம்ப்யூட்டர் அதுவா வேகத்தைக் கொறைச்சி நொண்ட விடுமாம். சாவியை அணைச்சிப் போட்டார். கொஞ்ச தூரம் பறந்துச்சி. திரும்ப நொண்டிச்சி. திரும்ப அணைச்சார், திரும்ப நொண்டிச்சி. அப்புறம் அந்தப் பருப்பும் வேகல.

"நிறுத்துங்க, பானெட்டைத் தொறங்க"ன்னு கத்தினேன். காத்து வடிகட்டிப் பெட்டியோட கிளிப்பை எடுத்தா, உள்ள அத்தனையும் சாமந்தி! வடிகட்டியை எடுத்து டயர்ல தட்டத் தட்ட மஞ்ச மஞ்சளா கொட்டுது. மூச்சுக்கு வழி பண்ணியாச்சி. ஆனா விளக்கு அணையல. பேட்டரி வயரைக் கழட்டி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டினாத்தான் கம்ப்யூட்டர் கோவத்தை மறக்குமாம்.

"கழட்டுங்களேன்!"

மனுஷன் தலையைச் சொறியிறார். "ஸ்பேனர் செட்டு பூஜை ரூம்ல இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துல வாழைக்கன்னைப் புடுங்கி அவர் தலையிலயே போட்டிருப்பேன். சாமிக்கு வச்ச ஆயுதத்தை மறுபூஜை முடியாம எடுக்கக் கூடாதாம். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சி. ரோட்டோரம் உக்காந்துட்டேன்.

அப்பத்தான் தூரத்துல தனியார் பஸ் வருது. அந்த ரோட்டு பஸ்ஸுங்க வழியில கை காட்டினா நிக்கிறதாவது! இவர் நொண்டி வண்டியை எடுத்தார், அப்படியே நடுரோட்டுல குறுக்கப் போட்டார். பஸ்ஸு கிரீச்சுன்னு நின்னுச்சி.

"யோவ், ஊட்ல சொல்லிட்டு வந்தியா?"ன்னு டிரைவர் கெட்ட வார்த்தையில ஆரம்பிச்சார். பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை இடிச்சிட்டுக்கூட சாரி கேக்காத மனுஷன், ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார். "திட்டுங்க சார், எவ்ளோ வேணா திட்டுங்க. அவளை மட்டும் பத்து மணிக்குள்ள எறக்கி விட்ருங்க. அப்படியே ஸ்பேனர் இருந்தா குடுங்க."

"எங்களுதும் பூஜையிலதான்யா கெடக்கு!"ன்னார் டிரைவர். பஸ்ஸே சிரிச்சிது. நான் ஏறிட்டேன்.

கேட்டு சாத்துறப்ப உள்ள புகுந்தேன். கேள்வியெல்லாம் கேட்டு முடிச்சிட்டு, உக்கார வச்சி, அப்புறம் கூப்பிட்டு, அடுத்த திங்கக்கிழமை வந்து சேருங்கன்னாங்க.

வெளிய வந்தா கேட்டு வாசல்லயே ஜீப்பு நிக்குது. பக்கத்து ஊர்ல ஒரு பாய் கடையில ஸ்பேனர் கெடைச்சிதாம். பூஜைக்குப் போவாத ஸ்பேனர் வேற எங்க இருக்கும்? வயரைக் கழட்டி மாட்டினதும் விளக்கு அணைஞ்சி, பழைய வேகம் வந்துடுச்சாம். கையெல்லாம் கிரீஸு, தலையெல்லாம் சாமந்தி. வண்டியை எடுய்யான்னு வாட்ச்மேன் அவரை வெரட்டிக்கிட்டு இருந்தார்.

வேலை கெடைச்ச சேதியை நான் இன்னும் அவர்கிட்ட சொல்லவே இல்ல. என்னைப் பாக்கவும் இல்ல அவர்.

"ஒரு நிமிஷம் பொறுங்கண்ணே"ன்னார் வாட்ச்மேன்கிட்ட. "எங்க டீச்சரம்மா வந்ததும் எடுத்துடுறேன்."